பத்தாவது வாக்கியத்தைச் சொன்னது யார்?

அச்சகத்து வாசலில் லாரியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முதுகில், கழிவுக் காகித மூட்டைகளுக்கு நடுவே இடுப்பளவு புதைந்து நின்றபடி, பதினோராவது மூட்டையின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் ரேடியோ.

"அம்மா, இறங்குங்க. எனக்கு நேரமாச்சு," என்றார் டிரைவர் கீழேயிருந்து.

"கூழாகப் போற காகிதம்தானே அண்ணே. பத்து நிமிஷம் லேட்டானா கோவிச்சுக்கவா போகுது?"

"உங்க ஆளை முன்னாடி இருந்து நகரச் சொல்லுங்க."

"நானே நாலு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். அவர் எதுக்கும் நகர மாட்டார்."

அவள் சொன்ன ஆள், லாரியின் பம்பருக்கு ஒரு முழம் முன்னால், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நின்றிருந்தார். கோர்ட்டில் இருபது வருஷம் சுருக்கெழுத்தராக இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவர். வட்டாரத்தில் அவருக்கு 'சுருக்கு' என்றே பெயர். பேச்சும் அப்படித்தான். அதை ஈடுகட்டவே ரேடியோவை வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. ஆறு வருஷம் தொலைபேசியில் இன்ஷூரன்ஸ் விற்ற வாய் அவளுடையது; பட்டப்பெயரும் அதனால்தான்.

"பாஸ், கிடைச்சிடுச்சு."

கசங்கிய பதினாறு தாள்கள். நீல மையில் உருண்டை உருண்டையான கையெழுத்து. காணாமல் போன வாத்தியார் கடைசியாக எழுதிக் கொடுத்து, டைப் அடித்ததும் அச்சகம் கழிவில் போட்டுவிட்ட அத்தியாயம்.

சுருக்கு பம்பரை விட்டு விலகினார். லாரி ஒரு பெருமூச்சோடு கிளம்பிப் போனது.

வாத்தியார் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகங்கள் எழுதுகிறவர். முப்பது வருஷமாக ஒரே பதிப்பகம், ஒரே வாடகை அறை, ஒரே சைக்கிள். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு இந்த அச்சகத்தில் தாள்களைக் கொடுத்துவிட்டு வெளியே போனவர் அறைக்குத் திரும்பவில்லை. இன்று திங்கள். அவருடைய போனும் வலிப்பு மாத்திரை அட்டையும் அறை மேஜையிலேயே கிடந்தன. இரண்டு நாள் விட்டாலே ஆபத்து என்று எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டர். நாலு நாள் ஆகிவிட்டது. வளர்ந்த ஆள், தானே வருவார் என்று போலீஸ் சொல்லிவிட்டது. அவருடைய தங்கை மட்டும் அப்படி நினைக்கவில்லை. அந்த மாத்திரை அட்டையைச் சுருக்கின் சட்டைப் பையில் அவளே செருகிவிட்டு, "பாத்ததும் முதல்ல இதைக் குடுங்க சார். திட்டுறதெல்லாம் நான் அப்புறம் திட்டிக்கிறேன்," என்றிருந்தாள்.

*

அச்சகத்தின் டி.டி.பி. அறையில் ஒரு மின்விசிறி, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஆபரேட்டர். வாத்தியாரின் கையெழுத்தைப் பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கிற பெண்மணி. தாள்களைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"இது கடைசிப் பாடம் சார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட எப்படிச் சொல்றதுங்கற பாடம். இங்க கடைசித் தாள்ல இருக்கற பத்து வாக்கியத்தைப் பாருங்க. இடது பக்கம் நம்ம பாஷையில ஒரு பேச்சு. பக்கத்துல ஒரு இங்கிலீஷ் வினைச்சொல். புள்ளைங்க ரெண்டையும் சேத்து இங்கிலீஷ்ல எழுதணும். 'டினை'ன்னா பின்னாடி 'இங்' வரணும். 'பிராமிஸ்'னா 'டூ' வரணும். 'வார்ன்', 'ரிமைண்ட்', 'பெக்' இதுங்களுக்கெல்லாம் நடுவுல ஒரு ஆள் வேணும். யாரை எச்சரிச்சாங்க, யாருக்கு ஞாபகப்படுத்தினாங்க, யாரைக் கெஞ்சினாங்கன்னு."

"எங்க மாமியார் மாதிரி," என்றாள் ரேடியோ. "நடுவுல ஒரு ஆள் இல்லாம வாயே திறக்க மாட்டாங்க."

சுருக்கு தாளின் ஓரத்தைத் தொட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலில் பொடியாக ஒரு எண். 7.15. 6.30. 11.00.

"இது என்ன?"

"அதை நான் அடிக்கறதில்ல சார். அவர் கணக்குக்குப் போட்டுக்கறது. எத்தனை மணிக்குச் சொன்னாங்கன்னு."

"யார் சொன்னாங்க?"

ஆபரேட்டர் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாதா? அவர் ஒரு வாக்கியத்தைக்கூடக் கற்பனை பண்ண மாட்டார். கற்பனையா எழுதினா புள்ளைங்க நாக்குல ஒட்டாதும்பார். நிஜமா யாராவது வாயால சொன்னதா இருக்கணும். ஒரு தடவை இங்க கீபோர்டு மேல காபி கொட்டிடுச்சு. 'நான் கொட்டல'ன்னு முதலாளிகிட்ட சாதிச்சேன். அடுத்த புத்தகத்துல நாப்பத்திரண்டாம் பக்கத்துல நிக்குது. 'டினை'க்கு உதாரணம். மூணு பதிப்பு வந்துடுச்சு சார். என் பொய் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயிட்டிருக்கு."

சுருக்கு பத்து வாக்கியங்களையும் மெல்ல ஒருமுறை படித்தார். பிறகு பத்தாவதில் நின்றார். அதன் பக்கத்தில் வியாழன், 2.55 என்று இருந்தது. வினைச்சொல், 'பெக்'.

'போகாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் எங்கூட இருங்க.'

"ரேடியோ, இந்தப் பத்துப் பேரையும் கண்டுபிடி. முக்கியமா பத்தாவது ஆளை. வியாழக்கிழமை ஒருத்தர் இவரைப் போக வேண்டாம்னு கெஞ்சியிருக்கார். அன்னிக்கே இவர் காணாமப் போயிருக்கார். அந்த ஆள் இருக்கற இடத்துலதான் இவரும் இருப்பார்."

*

தொலைபேசி கையில் கிடைத்தால் ரேடியோவுக்கு இறக்கை முளைக்கும். ஆறு நிமிஷத்தில் இரண்டு வாக்கியங்களுக்குச் சொந்தக்காரர்கள் அகப்பட்டார்கள்.

7.15, 'படிக்கட்டுல சைக்கிளை வைக்காதீங்க, யாராவது விழுந்து தொலைவாங்க.' வீட்டுக்கார அம்மாள் உடனே ஒப்புக்கொண்டார். அது போன வாரம் சொன்னது என்றும், அதற்கு முந்தின வாரமும் சொன்னது என்றும், வாத்தியார் கிடைத்தால் மறுபடி சொல்லச் சொல்லியும் வைத்தார்.

6.30, 'மாத்திரையை மறந்துடாதீங்க சார்.' மருந்துக்கடைக்காரர். "எல்லார்கிட்டயும் சொல்றதுதான். ஆனா அவர் ஒருத்தர்தான் நின்னு, நன்றின்னு சொல்லிட்டுப் போவார்."

11.00, 'வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்.' இதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மாடியில் இருந்தார் பதிப்பாளர்.

"மிரட்டினது நான்தான்," என்றார் அவர் கையிலிருந்த புரூஃபை இறக்காமலே. "வருஷா வருஷம் மிரட்டறேன். மிரட்டலேன்னா அவருக்கு அந்த 'த்ரெட்டன்' வார்த்தைக்கு யார் உதாரணம் குடுப்பா?"

"வியாழக்கிழமை அவர்கிட்ட, போகாதீங்க, கொஞ்ச நேரம் இருங்கன்னு சொன்னீங்களா?" சுருக்கு கேட்டார்.

பதிப்பாளர் இப்போதுதான் தலையைத் தூக்கினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய நாற்காலியைத் தவிர மிச்ச மூன்றிலும் புத்தகக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

"முப்பது வருஷத்துல அவர் இந்த ரூம்ல உக்காந்ததே இல்லீங்க," என்றார். புரூஃபைக் கீழே வைத்து, "நானும் கட்டை எடுத்துக் கீழ வெச்சதில்ல," என்றார்.

படியிறங்கும்போது ரேடியோ சொன்னாள், "பாஸ், எனக்கு இந்த ஆள் மேல சந்தேகம். மிரட்டல், மூட்டை, லாரி. எல்லாம் இங்கதான் இருக்கு."

"வாத்தியார் போயிட்டா அடுத்த புத்தகம் யார் எழுதுவா? பால் குடுக்கற மாட்டை யாரும் கடத்த மாட்டாங்க."

"நீங்க பேசறதே அபூர்வம். அதுலயும் மனுஷனை மாடுன்னுட்டீங்க."

*

தங்கைக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளே பல் குடையும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பெயர் கூப்பிடுகிற வேலை. சுருக்கு தாளை அவள் முன் வைத்து, நாலாவது வாக்கியத்தைக் காட்டினார். 'அடுத்த வாரம் நானே கூப்பிடறேன்.' பக்கத்தில் ஞாயிறு, 10.05. வினைச்சொல், 'பிராமிஸ்'.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள். "கூப்பிடல."

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அது அன்றைக்கு அதிசயம்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவார் சார். வாசல்லயே நிப்பார். நல்லா இருக்கியா பாப்பான்னு கேப்பார். இந்த வயசுலயும் பாப்பாதான் நான். அப்புறம் வேலை இருக்குன்னு கெளம்பிடுவார்."

"பத்தாவது வாக்கியம் உங்களோடதா? போகாதீங்க, எங்கூட இருங்கன்னு?"

"அவரை நான் வாங்க போங்கன்னு பேச மாட்டேன் சார். அண்ணன்தானே, வா போதான். அதுவும் இல்லாம..." உள்ளே குடையும் சத்தம் நின்றது. அவள் குரல் தேவைக்கு அதிகமாக உரக்கக் கேட்டது. "உள்ள வந்து உக்காருன்னு சொல்லணும்னு ஒவ்வொரு வாரமும் தோணும். நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள லிஃப்ட் வந்துடும்."

தெருவுக்கு வந்ததும் ரேடியோ விரலை மடக்கினாள். "வீட்டுக்காரம்மா இல்ல. மருந்துக்கடை இல்ல. முதலாளி இல்ல. கூடப் பிறந்தவளும் இல்ல. இவ்வளவு பெரிய ஊர்ல இந்த மனுஷனைப் பாத்து 'இருங்க'ன்னு சொல்ல ஒரே ஒரு ஆள்தான் பாஸ் இருந்திருக்கு. அதுவும் யாருன்னு தெரியல."

சுருக்கு தாளை விரித்தார். நடைபாதைக் கம்பியில் தாளை வைத்து, ஐந்து முதல் பத்து வரை பென்சில் எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

"2.10. 2.20. 2.35. 2.40. 3.00. 2.55. ஆறும் ரெண்டுலேருந்து மூணுக்குள்ள. என்ன பேசியிருக்காங்க, படி."

ரேடியோ படித்தாள். "'நான் உன்னைப் பாக்க வரக்கூடாதுன்னு நினைக்கல, லீவு கிடைக்கல.' இது மறுப்பு. 'எனக்கு எதுவும் வேணாம், எடுத்துட்டுப் போ.' இது வேண்டாங்கறது. 'கையெழுத்து வாங்கத்தானே வந்திருக்கே.' குத்தம் சாட்டறது. 'மன்னிச்சிடு, முன்னாடியே வந்திருக்கணும்.' இது மன்னிப்பு. இதெல்லாம் ஒரே இடமா பாஸ்? இது குடும்பக் கோர்ட்டு. இல்லேன்னா எங்க வீடு."

"கோர்ட்ல ரெண்டு மணிக்கு எல்லாரும் தூங்குவாங்க. ஒன்பதாவதைப் படி."

"மூணு மணி. 'நேரம் முடிஞ்சுது, எல்லாரும் கெளம்புங்க.' இது கட்டளை." அவள் நிறுத்தினாள். "ஆஸ்பத்திரி."

"பார்வை நேரம். ரெண்டுலேருந்து மூணு. மனுஷங்க பத்து வருஷம் பேசாததை ஒரு மணி நேரத்துல பேசற இடம். தினம் சைக்கிள்ல போய் அங்க உக்காந்து கேட்டிருக்கார். சைக்கிள் போற தூரத்துல அவர் அறைக்குப் பக்கத்துல ஒரே ஒரு ஆஸ்பத்திரிதான்."

மணி ஒன்றே முக்கால். பின்னாலிருந்து செருப்புச் சத்தம் ஓடிவந்தது. தங்கை. அடையாள அட்டை கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அரை நாள் லீவு போட்டுட்டேன்," என்றாள். "நானும் வரேன் சார்."

*

இரண்டாம் மாடி, ஆண்கள் பொது வார்டு. ஆரஞ்சும் பிஸ்கட்டுமாகப் பைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. கட்டில்களைச் சுற்றிப் பேச்சு கொதித்தது. வார்டு நர்ஸ் புகைப்படத்தைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"அந்த பெஞ்சு மனுஷர்தானே. ஒரு வருஷமா வராரு. யாரைப் பாக்க வரீங்கன்னு முதல்ல கேட்டேன். சும்மா உக்காந்திருக்கலாமான்னாரு. எல்லாரும் கொண்டாட்டமா நோயாளிகிட்ட பேசிட்டிருப்பாங்க, இவர் நடுவுல அந்த பெஞ்சுல நோட்டை மடியில வெச்சுக்கிட்டு. அப்புறம் மூணு மாசமா பதினாலாம் பெட் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டாரு. அந்தப் பெரியவரைப் பாக்கவும் யாரும் வர மாட்டாங்க. பழைய லைன்மேன். கம்பத்துல ஏறிக் கரண்ட் குடுத்தவரு."

"இப்ப ரெண்டு பேரும் எங்க?" தங்கை கேட்டாள்.

"வியாழக்கிழமை பதினாலாம் பெட்டை வெளியூர் முதியோர் ஹோமுக்கு அனுப்ப ஆர்டர் வந்துது. கூட ஆள் இல்லாத கேஸை மூணு மாசத்துக்கு மேல வெச்சுக்க முடியாதும்மா. ரெண்டே முக்காலுக்கு ஸ்ட்ரெச்சர் வந்து நிக்குது. இவர் ஓடி வந்து, கூட ஆள் இருந்தா நிறுத்துவீங்களான்னாரு. ஆறு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடுங்க, ஆனா கூட இருக்கறவருக்கு அனுமதிச் சீட்டு ஒண்ணுதான், வாசல் தாண்டினா சீட்டு செல்லாது, அடுத்த நாளே வண்டி வந்துடும்னு சொன்னேன். ஒரு வேலையை மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்னு ஓடினாரு. அஞ்சே முக்காலுக்கு வந்துட்டாரு. ரெண்டு பேரையும் வராந்தாக் கோடி அறைக்கு மாத்திட்டோம்."

ஒரு வேலை. அந்தப் பதினாறு தாள். அறைக்குப் போய் மாத்திரை எடுக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. வந்த பிறகோ வாசலைத் தாண்ட வழியில்லை.

நர்ஸ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நோயாளிக்கு உறவு என்ற கட்டத்தில் அதே உருண்டைக் கையெழுத்து: 'தம்பி'.

தங்கை அந்த ஒரு சொல்லை விரலால் தொட்டாள்.

"அப்ப பத்தாவது ஆள் கிடைச்சாச்சு," என்றாள் ரேடியோ. "லைன்மேன் தாத்தாதான் 'போகாதீங்க'ன்னு கெஞ்சியிருக்கார். கேஸ் முடிஞ்சுது பாஸ்."

"முடிஞ்சுது," என்றார் சுருக்கு.

நர்ஸ் பதிவேட்டை மூடினார். "பதினாலாம் பெட்டா? கெஞ்சினாரா? அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி மூணு மாசமாச்சு. அதுக்கப்புறம் அவர் வாயிலேருந்து ஒரு சொல்லு வந்ததில்லியே."

*

வராந்தாக் கோடியில் சிறிய அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், மூடாத ஜன்னல். கட்டிலில் கழுத்தில் கட்டோடு ஒரு முதியவர் உறங்கிக்கொண்டிருந்தார். பெரிய கை, கம்பி அறுத்த தழும்புகளோடு போர்வைக்கு வெளியே கிடந்தது. ஸ்டூலில் வாத்தியார். நாலு நாள் தாடி. இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி.

"அண்ணா, நெத்தியில என்ன?"

வாத்தியார் திடுக்கிட்டுப் பார்த்தார். "பாப்பா? ஒண்ணுமில்ல. நேத்து கொஞ்சம் விழுந்துட்டேன். இங்கதானே டாக்டர் இருக்காங்க, ஊசி போட்டாங்க. நீ எப்படி... யார் உன்னை வரச் சொன்னா?"

"தேடினோம்."

"யாரை?"

"உன்னைத்தான்."

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படி ஒரு விஷயம் நடக்கக்கூடும் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. சுருக்கு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். ரேடியோ தண்ணீர் ஊற்றினாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். மாத்திரையை ஒரே மூச்சில் விழுங்கினார். தங்கை, திட்டுவதற்கு என்று சேர்த்துவைத்ததையெல்லாம் மறந்தவள் போல, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சார்," என்றார் சுருக்கு. "ஒரே ஒரு கேள்வி. உங்க பாடத்தை வெச்சுத்தான் இங்க வந்தோம். ஒன்பது வாக்கியமும் யாரோ பேசினது. நீங்க கேட்டு எழுதினது. பத்தாவதையும் யாரோ உங்ககிட்ட சொன்னதுன்னு நினைச்சேன்."

"எதனால அப்படி நினைச்சீங்க?"

சுருக்கு தாளை மடித்தார். "நானும் இருபது வருஷம் அடுத்தவங்க பேசினதை எழுதினவன். எழுதற ஆள் பேச மாட்டான். அப்படித்தான் எனக்குப் பழக்கம்."

ரேடியோ தன் முதலாளியைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லி அவள் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

"ஆனா பெரியவரால பேச முடியாதுன்னு நர்ஸ் சொல்றாங்க. நீங்க கற்பனையா எழுத மாட்டீங்க. அப்ப, ரெண்டு அம்பத்தஞ்சுக்கு அதைச் சொன்னது யார்?"

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். உறங்குகிறவரின் கையை, போர்வை நகராமல், மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"இவரை ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்க," என்றார். "வராந்தா முனை வரைக்கும் தள்ளிட்டுப் போயிட்டாங்க. கூடவே ஓடிப்போய்க் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்."

பிறகு தங்கையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"முப்பது வருஷத்துல, என் புத்தகத்துல நான் சொன்ன வாக்கியம் அது ஒண்ணுதான்."